பெட்டிக்கு நோன்பு தெரியாது

மெக்னெஸ் நகரத்தில் மென்பொருள் எழுதுகிற பிள்ளைகளிடம் நுஸ்ஹாவின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள், அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ‘இல்லை லாலா’ என்று அவளுக்குப் பட்டப்பெயர். லாலா என்பது மரியாதைக்கு, ஆண்களுக்கு ஸீ என்பதைப் போல. ‘இல்லை’ என்பது அவள் வாயிலிருந்து ஓயாமல் வருகிற சொல்.

ஜவாத் நடத்தும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. ஊரில் உள்ள மருந்துக் கடைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் இடம் அது. எந்த நோயாளி எந்த மருந்து வாங்குகிறார், அடுத்து எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். இந்தக் காலத்தில் ஒரு மென்பொருளை அடியிலிருந்து நுனி வரை யாரும் தானே எழுதுவதில்லை. கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டான் வாடகைக்கு எடுக்கிற மாதிரி, முன்பின் தெரியாதவர்கள் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் நிரல்களை எடுத்துச் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம். எடுத்த அண்டாவில் ஓட்டை இருக்கிறதா, அடியில் எதையாவது ஒட்டவைத்து அனுப்பியிருக்கிறார்களா என்று பார்ப்பது நுஸ்ஹாவின் பொறுப்பு. அவள் ‘சரி’ சொல்லாமல் வெளியார் எழுதிய ஒரு வரிகூட உள்ளே போகாது.

அவள் சோதனை செய்யும் இடத்துக்கு ‘ஹம்மாம்’, அதாவது பொதுக் குளியல்கூடம், என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்பு தேநீர் போடும் அறையாக இருந்த சந்து அது. உள்ளே இரண்டு பழைய கணினிகள். ஒன்றைப் பெட்டி என்பார்கள். அதற்கு இணையம் கிடையாது. அதிலிருந்து போகும் ஒரே கம்பி பக்கத்துக் கணினியோடு முடிந்துவிடும். பக்கத்துக் கணினிக்கு வேலை, உலகம் மாதிரி நடிப்பது. பெட்டிக்குள் ஓடும் நிரல் எந்த ஊர்க் கதவைத் தட்டினாலும், ‘இந்த வீடுதான், உள்ளே வாருங்கள்’ என்று அது பதில் சொல்லும். வந்தவர் கையில் என்ன கொண்டுவந்தார் என்பதைப் பார்த்துவைத்துக்கொள்ளும். சோதனை முடிந்ததும் நுஸ்ஹா பெட்டியை அடியோடு துடைத்து, என்றோ நகல் எடுத்துவைத்த பழைய நிலைக்கே திருப்பிவிடுவாள். ஒருத்தர் அழுக்கு அடுத்தவர் மேல் ஒட்டக் கூடாதல்லவா.

“எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் முதல்ல ஹம்மாம்ல துணியக் கழட்டிட்டு உட்காரணும். நான் தேய்க்கிற தேய்ப்புல உள்ள இருக்கிறது வெளிய வந்துடும்” என்பாள்.

காலி வீட்டுக்குத் திருடன் வர மாட்டான் என்பதால் பெட்டிக்குள் ஒரு பொய் மருந்துக் கடையையும் நடத்திவந்தாள். அதன் நோயாளிகள் எல்லாம் அவளுக்கு ஆகாதவர்கள். பழைய மேலாளர்களுக்கு மூலமும் சொறியும் கொடுத்திருந்தாள். அவளை விட்டுப் போன முன்னாள் கணவனுக்கு நிரந்தர வாய்வு.

இந்தச் சந்தேகக் குணம் அவளுக்குப் பிறவியில் வந்ததில்லை. கணிதத்தில் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல், கடைசியில் ஒரு தொலைபேசிச் சேவை நிறுவனத்தில் போய் உட்கார்ந்தாள். பிரான்ஸில் இருக்கும் வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டும். அரபுப் பெயரைக் கேட்டால் அவர்கள் போனை வைத்துவிடுவார்களாம். அதனால் முதல் நாளே அவளுக்கு நத்தாலி என்று பேர் வைத்துவிட்டார்கள். பல வருஷம் அவள் நத்தாலியாகவே இருந்தாள். லியோன் நகரத்து மழையைப் பற்றிப் பேசுவாள், அந்த மழையில் ஒரு துளிகூட அவள் மேல் பட்டதில்லை. எத்தனையோ கிழவர்கள் அவள் குரலை நம்பித் தங்கள் மகளைப் பற்றி அழுதார்கள். இனிக்கிற குரலுக்கும் சொல்லுகிற பெயருக்கும் பின்னால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதை அவள் அங்கேதான் படித்தாள். தானே அப்படி இருந்தவள் ஆயிற்றே.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய தங்கை சனா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அக்காவும் தங்கையும் ஒரே வீடு. சில வருஷங்களுக்கு முன் சனா மனம் குழம்பி, சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டு, சாப்பிடாமல் கிடந்தாள். நல்ல மருத்துவர் கிடைத்தார். மாத்திரை ஒத்துக்கொண்டது. இன்று அவள் வகுப்பில் நின்றால் முப்பது வாண்டுகள் வாயைப் பொத்திக்கொள்ளும். மாத்திரை மட்டும் தினமும் வேண்டும். அதைத் தங்கள் பேட்டையில் வாங்காமல், ஊரின் மறுபக்கம் ஹம்ரியாவில், தங்களை யாருக்கும் தெரியாத ஒரு கடையில் நுஸ்ஹா போய் வாங்கிவருவாள். எங்கள் ஊர் வாய் பொல்லாத வாய். ‘டீச்சருக்கு மண்டை சரியில்லையாம்’ என்று ஒருத்தி சொன்னால் போதும், மறுநாள் பெற்றோரெல்லாம் பள்ளி வாசலில் நிற்பார்கள். அந்த ஹம்ரியா கடையில் ஓடுவதும் ஜவாத்தின் மென்பொருள்தான். சனாவின் பெயரும் அவள் மாத்திரையின் பெயரும் அதற்குள் இருந்தன. சனாவைப் போல் மறைத்து மருந்து வாங்குகிற எத்தனையோ பேரும் இருந்தார்கள்.

அந்த வருஷம் நோன்புக்கு ஜவாத் ஒரு புது வசதி கொண்டுவர நினைத்தார். நோன்பு மாதத்தில் மாத்திரை நேரமெல்லாம் மாறிப்போகும். சாயங்காலம் நோன்பு திறந்ததும் ஒன்று, விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு ஒன்று என்று நோயாளிக்கு நினைவூட்ட வேண்டும். அதற்கு அந்தந்த ஊரில் சூரியன் மறையும் நேரம் தெரிய வேண்டும். தவ்ஃபீக் என்ற நிரலாளன் இணையத்திலிருந்து அதற்கு ஒரு நிரலைக் கொண்டுவந்தான். இலவசம். ஆயிரக்கணக்கானவர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அதன் முதல் வரியில் பிஸ்மில்லாஹ் என்று எழுதியிருந்தது. எழுதியவர் தன் இறந்துபோன தாயாருக்கு நன்மை சேர இதை அர்ப்பணித்திருந்தார்.

“லாலா, இதையுமா ஹம்மாம்ல உட்கார வைக்கப் போறீங்க? தொழுகை நேரம் சொல்ற நிரல். அம்மா பேர்ல தர்மம் பண்ணியிருக்கான் மனுஷன்” என்றான் தவ்ஃபீக்.

“அம்மா பேர்லதானே? என்கிட்ட நத்தாலிங்கிற பேர்ல எத்தனை பேர் ஏமாந்தாங்க தெரியுமா?”

“அல்லாஹ் பேர எழுதிட்டு யாராவது திருடுவானா?”

“திருட வர்றவன் அதைத்தான் முதல்ல எழுதுவான். கொடு இங்க.”

சூரியக் கணக்குப் போடும் உட்பகுதி மட்டும் ஹம்மாமுக்கு வந்தது, அதைத் திரையில் காட்டும் பகுதியைத் தவ்ஃபீக் தானே எழுதி வைத்திருந்தான், அதனால் நிரல் போடும் நேரம் பெட்டியில் தெரியாது. நுஸ்ஹா ஒரு வாரம் அதைப் புரட்டிப் புரட்டித் தேய்த்தாள். படிக்க முடியாதபடி சுருட்டி எழுதிய ஒரு துண்டு நடுவில் இருந்தது. வேகத்துக்காக அப்படிச் செய்ததாக எழுதியவர் குறிப்புப் போட்டிருந்தார். அது அவளுக்கு உறுத்தியது. ஆனால் எத்தனை முறை ஓட்டினாலும் நிரல் சமர்த்தாக நடந்துகொண்டது. நோயாளிகள் பக்கம் திரும்பவில்லை, வெளிக்கதவைத் தட்டவில்லை.

இது நோன்பில் ஓடப்போகிற நிரல், நோன்பிலேயே வைத்துப் பார்ப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. பெட்டியின் தேதியை முதல் நோன்புக்கு மாற்றினாள். ரொட்டிக் கடைக்காரர் எல்லோருக்கும் கொடுத்த நோன்பு நேர அட்டையைப் பார்த்து, சூரியன் மறைந்ததும் சொல்லும் மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னால் பெட்டியின் மணியை வைத்தாள். பாங்கு நேரம் வந்தது, போனது. அதற்கு அப்புறமும் கொஞ்ச நேரம் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அது வெள்ளிக்கிழமை. ஜவாத் எல்லோருக்கும் குஸ்குஸ் வரவழைத்திருந்தார். பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்ததும், நுஸ்ஹா பூசணித் துண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னாள்.

“சரி.”

“என்ன சரி?” என்றார் ஜவாத்.

“அந்த சூரியக் கணக்கு. சேர்த்துக்கோங்க.”

 தவ்ஃபீக் உடனே எழுந்து, பெண்கள் கல்யாணத்தில் போடுகிற குலவையை அரைகுறையாகப் போட்டான். “எழுதி வச்சுக்கோங்க, இன்னிக்கு லாலா ஒரு சரி பெத்திருக்காங்க” என்றான். நுஸ்ஹாவும் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவ்ஃபீக் அலுவலகம் வந்து எல்லாக் கடைகளுக்கும் அனுப்பிவிட வேண்டும், திங்கள் காலை கடை திறக்கும்போது புது வசதி இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

ஞாயிறு வந்தது. எங்கள் நாட்டில் நோன்பு மாதம் தவிர வருஷம் முழுக்கக் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும், அதுதான் புது மணி. நோன்புக்கு முந்தின ஞாயிறன்று அரசாங்கம் அதைப் பழைய மணிக்குப் பின்னால் தள்ளிவைக்கும், பெருநாள் கழிந்ததும் மறுபடி முன்னால் தள்ளும். இதனால் ஊரே கிறுக்குப் பிடித்துத் திரியும். யாரை எங்கே வரச் சொன்னாலும் ‘புது மணியா, பழைய மணியா?’ என்றுதான் முதல் கேள்வி. அக்காவும் தங்கையும் சமையலறையில் நோன்புக்கு ஸெல்லு என்கிற இனிப்பு செய்துகொண்டிருந்தார்கள். நுஸ்ஹா வாணலியில் பாதாம் வறுத்தாள், சனா எள்ளுப் புடைத்தாள்.

“அக்கா, மணி என்ன?”

“அடுப்புல பாரேன்.”

“அதப் பார்த்து என்ன பிரயோஜனம்? அது இன்னும் புது மணிலயே நிக்குது. போன வருஷமும் நோம்பு முழுக்க இப்படித்தான் நின்னுச்சு” என்றாள் சனா. “பாவம், நோம்பு வந்திருக்குன்னு யாராவது சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்.”

நுஸ்ஹாவின் கை நின்றது. பாதாம் ஒரு பக்கம் கருக ஆரம்பித்தது.

பெட்டிக்கு இணையம் கிடையாது. நாட்டில் மணி மாறினால் மற்றக் கணினிகளுக்குச் செய்தி வரும், பெட்டிக்கு வராது. ஒவ்வொரு முறையும் பழைய நகலுக்குத் திருப்புகிறாளே, அந்த நகலில் ‘உலக மணியோடு ஒன்றைக் கூட்டு’ என்று அவளே கையால் எழுதி வைத்திருந்தாள். புது மணி. ஆனால் ரொட்டிக் கடை அட்டையில் இருந்தது நோன்பு மாதத்துப் பழைய மணி. பழைய மணிக் கணக்கை எடுத்துப் புது மணிக் கடிகாரத்தில் வைத்திருக்கிறாள். சூரியனுக்கு ஏது புது மணியும் பழைய மணியும்? நிரல் சூரியனைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. அதன் கணக்குப்படி வெள்ளிக்கிழமை அவள் பார்த்தது வெறும் சாயங்காலம். மஃரிபுக்கு இன்னும் முழுசாக ஒரு மணி நேரம் இருந்திருக்கிறது. அதற்குள் பெட்டியை அணைத்துவிட்டுக் குஸ்குஸ் சாப்பிடப் போய்விட்டாள்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. எதிரில் சனா முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, கருகுது.”

“நீ பார்த்துக்கோ. நான் ஆபீஸ் போறேன்.”

போகிற வழியில் வாடகைக் காரிலிருந்தே ஜவாத்துக்குப் போன் போட்டாள். அவர் மாமனார் வீட்டில் இருந்தார்.

“ஸீ ஜவாத், நான் வெள்ளிக்கிழமை சொன்ன ‘சரி’ய வாபஸ் வாங்கிக்கிறேன். தவ்ஃபீக்க அனுப்ப வேண்டாம்னு சொல்லுங்க.”

“லாலா நுஸ்ஹா, என்ன விளையாடறீங்களா? கடைக்காரங்க எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தாச்சு. என்ன கண்டுபிடிச்சீங்க?”

“இன்னும் ஒண்ணும் கண்டுபிடிக்கல. நான் பார்த்த நேரம் தப்பு. எங்க வீட்டு அடுப்புக் கடிகாரத்தைப் பார்த்தப்பதான் புரிஞ்சுது.”

“அடுப்புக் கடிகாரமா?” ஜவாத்துக்குக் கோபத்தில் குரல் கிறீச்சிட்டது. “அடுப்ப நம்பி நான் நோம்புல நோயாளிங்கள நடுத்தெருவுல நிக்க வைக்கவா? ஒரு வாரம் தேய்ச்சீங்க. ஒண்ணும் இல்லேன்னு நீங்களே சொன்னீங்க. வாய் ஒண்ணுதானே உங்களுக்கு?”

“ஒண்ணுதான். அதாலதான் இப்ப ‘இல்லை’ங்கிறேன். நீங்க சொல்லாட்டி நானே போய் அவன் கையைப் பிடிச்சுப்பேன்.”

அவர் போனை வைத்துவிட்டார். நுஸ்ஹா படியேறும்போது தவ்ஃபீக் ஏற்கெனவே தன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். அனுப்ப வேண்டியதெல்லாம் தயார். அவள் அவன் நாற்காலியைப் பிடித்து மேசையிலிருந்து பின்னால் இழுத்தாள்.

“என்ன லாலா இது?”

“எழுந்திரு. ஹம்மாமுக்கு வா.”

“முதலாளி இப்பதான் போன் பண்ணினாரு. லாலா வருவாங்க, கேக்காத, அனுப்புன்னாரு.”

“அனுப்பிக்கோ. அதுக்கு முன்னாடி என்கூட கொஞ்ச நேரம் உட்காரு. ஒண்ணும் இல்லேன்னா நானே பொத்தானை அழுத்தறேன், நாளைக்கு ஸீ ஜவாத் முகத்துல முழிக்காம வீட்டுக்கும் போயிடறேன்.”

தவ்ஃபீக் நல்ல பிள்ளை. முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அவள் பெட்டியைத் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாள். கூட்டியிருந்த ஒரு மணியை எடுத்தாள். முதல் நோன்பின் தேதியை வைத்தாள். பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் மணியை நிறுத்தி, நிரலை ஓடவிட்டாள். இரண்டு பேரும் அந்தச் சந்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள்.

பெட்டியின் கடிகாரம் மஃரிபைத் தொட்டது. பக்கத்துக் கணினியின் திரை வெறுமையாக இருந்தது.

“முடிஞ்சுதா?” என்றான் தவ்ஃபீக். “நான் போகவா?”

“உட்காரு.”

“லாலா, பாங்கு சொல்லியாச்சு.”

“பாங்கு சொன்னதும் நீ என்ன பண்ணுவே?”

“என்ன பண்ணுவேன்... பேரீச்சம்பழம், தண்ணி. அப்புறம் ஒரு கிண்ணம் சூடா ஹரீரா சூப்.”

“போன் வந்தா?”

“அப்ப எவன் போன் பண்ணுவான்? ஹரீரா குடிக்கும்போது வீடு பத்தி எரிஞ்சாலும் நான் திரும்ப மாட்டேன்.”

அவன் வாய் மூடவில்லை, பக்கத்துக் கணினியின் திரையில் ஒரு வரி ஓடியது. அதன் பின்னால் இன்னொன்று. சுருட்டி வைத்திருந்த அந்தத் துண்டு பிரிந்துவிட்டது. பெட்டிக்குள் இருந்த பொய் மருந்துக் கடையைத் திறந்து, நோயாளிகள் பட்டியலை அள்ளி, எங்கோ தூரத்துக் கதவு ஒன்றைத் தட்டியது. உலகமாக நடித்துக்கொண்டிருந்த பழைய கணினி ‘வாருங்கள்’ என்றது. பெயர்கள் வந்து விழ ஆரம்பித்தன. மூலம் பிடித்த மேலாளர்கள் வந்தார்கள். வாய்வு பிடித்த முன்னாள் கணவன் வந்தான். எப்போதும் அந்தப் பெயர்களைப் பார்த்தால் நுஸ்ஹாவுக்குச் சிரிப்பு வரும். இன்று வரவில்லை. நிரல் நிஜக் கடைகளுக்குப் போயிருந்தால் அந்த வரிசையில் வேறொரு பெயரும் வந்திருக்கும், ஓர் ஆசிரியையின் பெயர், பக்கத்தில் அவள் மாத்திரையின் பெயர். அவள் தவ்ஃபீக்கின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தவ்ஃபீக் வெளுத்துப்போயிருந்தான். 

“பாங்கு நேரத்துக்கே வரல. காத்துக்கிட்டு இருந்துட்டு, எல்லாரும் கிண்ணத்துல குனிஞ்சப்புறம் வருது.”

“ஆமா.”

“லாலா, இத எழுதினவன் வெளிநாட்டுக்காரன் இல்ல. நம்ம ஆளு. ஹரீரா குடிச்சு வளர்ந்தவன்.”

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியாத அவன் மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மருந்து வாங்கியவர்களின் பெயரைத் திருட, பசித்தவன் முதல் கரண்டியை வாயில் வைக்கும் நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறானே, அதை அவளால் பொறுக்க முடியவில்லை.

தவ்ஃபீக் தானே ஜவாத்துக்குப் போன் செய்தான். அவர் முதலில் கத்தினார், பிறகு முழுசாகக் கேட்டார். கடைசியில் நுஸ்ஹாவிடம் கொடுக்கச் சொன்னார்.

“லாலா, கடைக்காரங்களுக்கு நான் என்ன சொல்றது?”

“வசதி வராதுன்னு சொல்லுங்க. ரொட்டிக் கடை அட்டை எல்லார் வீட்டுச் சுவத்துலயும் ஒட்டியிருக்கு. அதப் பார்த்து மாத்திரை போட்டுப்பாங்க.”

“நம்மள விட்டுட்டு வேற ஆளுகிட்ட போயிடுவாங்க.”

“போகட்டும். அவங்க பேர் வெளிய போறதுக்கு, அவங்களே போறது மேல்.”

அன்று இருட்டுவதற்குள் அவள் அந்த நிரலை வைத்திருந்த இணையதளத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். அங்கிருந்தவர்கள் முதலில் நம்பவில்லை. நாங்கள் ஓட்டினோம், ஒன்றும் நடக்கவில்லையே என்று பதில் வந்தது. முதல் நோன்பின் தேதிக்கும் மெக்னெஸ் மஃரிபுக்கும் கடிகாரத்தை வையுங்கள், அதற்கப்புறம் பொறுமையாக உட்காருங்கள், எழுந்து போய்விடாதீர்கள் என்று அவள் மறுபடி எழுதினாள். நோன்பு தொடங்குவதற்கு முன்பே நிரலை எடுத்துவிட்டார்கள். அலுவலகத்தில் பெட்டியின் பழைய நகலையும் அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தாள். சந்தின் கதவில், கண்ணில் படும் இடத்தில், ‘புது மணியா, பழைய மணியா?’ என்று எழுதி ஒட்டினாள். தவறு தன்னுடையது என்று ஜவாத்திடம் மறைக்காமல் சொன்னாள். அவர் திட்டவில்லை. இரண்டு கடைகள் விலகிப்போயின. அந்தக் கணக்கை அவர் இன்றுவரை அவ்வப்போது நினைவூட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

முதல் நோன்பன்று நுஸ்ஹா வீட்டுக்கு வரும்போது பாங்கு சொல்லி வெகுநேரம் ஆகியிருந்தது. மருந்துக் கடைகளின் மென்பொருள் எதுவும் அந்த நேரத்தில் அசையவில்லை என்பதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். பேரீச்சம்பழத்தை வழியில் காரிலேயே வாயில் போட்டுக்கொண்டாள். மேசையில் ஹரீரா ஆறிப்போயிருந்தது.

“முதல் நோம்புக்குக்கூட ஒரு மனுஷி நேரத்துக்கு வர மாட்டாளா?” என்றாள் சனா. “அப்படி என்ன தலைபோற வேலை? யாரோ எழுதின எதையோ பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பே.”

“ஆமாடி. யாரோ எழுதினதுதான்.”

“யாராவது உனக்கு நன்றி சொன்னாங்களா?”

“சூடு பண்ணிக் கொண்டா, சொல்றேன்.”

சனா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்பை நோக்கிப் போனவள், பாதியில் நின்று, இடுப்புப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தாள். ஜன்னல் வழியே எதிர் வீட்டுப் பெண் தெரிந்தாள். சனா வழக்கம்போல ஜன்னலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, உள்ளங்கையை மூடியபடி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். யாரும் பார்க்கவில்லை.